கல்யாண நெகட்டிவ்களும் மஞ்சள் கயிற்றின் நிறமும்

ஒரே ஃபிலிம் சுருள், ஒரே கல்யாண மண்டபம், அடுத்தடுத்து எடுத்த இரண்டு படங்கள். முதல் படத்தில் வாழை மரமும் மாவிலைத் தோரணமுமாக எங்கும் பச்சை. இரண்டாவதில் மணப்பெண்ணின் அரக்குப் புடவை படத்தின் முக்கால் பங்கை அடைத்துக்கொண்டிருக்கிறது. இரண்டு நெகட்டிவ்களையும் வீட்டு ஸ்கேனரில் வைத்து, எல்லாவற்றையும் அதன் போக்கில் விட்டுவிட்டால், முதல் படத்தில் முகங்கள் ரோஜா நிறம் ஏறியும், இரண்டாவதில் அதே முகங்கள் பச்சை படிந்தும் வரும். பழைய நெகட்டிவ், சாயம் போய்விட்டது என்று முடிவு கட்டிப் பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் சாயம் எங்கும் போயிருக்காது. ஒரு சுருளுக்கு ஒரே முறை முடிவு செய்ய வேண்டிய நிறத்தை, மென்பொருள் படத்துக்குப் படம் புதிதாக முடிவு செய்திருக்கும். வீட்டில் கலர் நெகட்டிவ் ஸ்கேன் செய்து நான் கற்றவற்றில் தலையாயது இதுதான்.

எங்கள் குடும்பத்தில் எண்பதுகளின் கடைசியிலிருந்து டிஜிட்டல் கேமரா வரும் வரை நடந்த கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு எல்லாம் ஸ்டூடியோவின் காகித உறைகளில் நெகட்டிவ்களாகக் கிடந்தன. கோடாக், ஃபியூஜி, கோனிகா என்று எல்லாம் கலந்திருந்தன. ஆல்பத்துப் பிரிண்டுகளில் பல ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. மற்றவை மஞ்சளித்துப் பழுத்துவிட்டன. நெகட்டிவ்கள் பொதுவாக அவற்றைவிட நல்ல நிலையில் இருந்தன. முதலில் ஒரு பிளாட்பெட் (கண்ணாடித் தட்டின் மேல் வைத்து எடுக்கும்) ஸ்கேனரில் தொடங்கினேன்; இப்போது மிக அருகில் படமெடுக்கும் மேக்ரோ லென்ஸ் மாட்டிய கேமராவில் செய்கிறேன். கருவி மாறினாலும் நிறத்தைப் பிடிக்கும் வழி மாறவில்லை.

கலர் நெகட்டிவை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் முதலில் தெரிவது அதன் ஆரஞ்சு நிறம். அழுக்கு என்றோ வயதான அடையாளம் என்றோ அதை நினைத்துவிடக் கூடாது. தெரிந்தே வைத்த நிறம் அது. ஃபிலிமில் படம் மூன்று சாயங்களால் ஆனது: சயான், மெஜந்தா, மஞ்சள். மெஜந்தா சாயம் பச்சை ஒளியை மட்டும் தடுத்தால் போதும். ஆனால் அது நீல ஒளியிலும் கொஞ்சத்தை விழுங்கிவிடுகிறது. சயான் சாயம் சிவப்பைத் தடுக்க வேண்டியது. அதுவும் பச்சையிலும் நீலத்திலும் கை வைக்கிறது. 1940களில் கோடாக் நிறுவனத்தின் வெஸ்லி ஹான்சன் இதற்கு ஒரு வழி கண்டார். சாயமாக மாறப்போகும் மூலப்பொருளுக்கே முன்கூட்டி ஒரு நிறத்தைக் கொடுத்துவிட்டார். ஒளி பட்ட இடத்தில் மூலப்பொருள் சாயமாக மாறித் தன் பழைய நிறத்தை இழக்கிறது. ஒளி படாத இடத்தில் அந்த நிறம் அப்படியே தங்குகிறது. சாயம் செய்யும் தவறும் மூலப்பொருளின் மிச்சமும் சேர்ந்தால், ஃபிலிம் முழுக்க ஒரே சீரான ஆரஞ்சுத் திரை கிடைக்கிறது. சீராக இருப்பதால் அதை மொத்தமாக நீக்கிவிடலாம். 1972இல் வந்து இன்றும் புழக்கத்தில் இருக்கும் சி-41 என்ற கலர் நெகட்டிவ் கழுவும் முறைக்கான ஃபிலிம்களும் இந்த ஏற்பாட்டில்தான் இயங்குகின்றன.

இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் என் ஸ்கேன்கள் உருப்பட்டன. அந்த ஆரஞ்சு, ஃபிலிமின் பிராண்டுக்குப் பிராண்டு மாறும். ஒரே பிராண்டு வேறொரு லேபில் வேறொரு நாளில் கழுவப்பட்டிருந்தாலும் சற்று மாறும். ஆனால் ஒரு சுருளுக்குள் முதல் படத்திலிருந்து கடைசிப் படம் வரை அது ஒன்றேதான். எண்ணெய் வாங்கும்போது காலித் தூக்கை முதலில் எடை போட்டுக்கொள்வது போல, வெற்று ஃபிலிமை முதலில் அளந்துகொண்டால் பிறகு எந்தப் படத்துக்கும் கணக்குப் பிசகாது.

அளக்க வேண்டிய இடம், ஒளியே படாத ஃபிலிம். இரண்டு படங்களுக்கு நடுவே உள்ள மெல்லிய இடைவெளி, அல்லது கடைசிப் படத்துக்குப் பின் மிஞ்சிய வால் பகுதி. சுருளின் தொடக்கத்தில் உள்ள கறுத்த முனை இதற்கு உதவாது. கேமராவில் மாட்டும்போது வெளிச்சம் பட்டுக் கறுத்த பகுதி அது. வியூஸ்கேன் மென்பொருளில், வெற்றுப் பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து முன்னோட்டம் எடுத்து, எக்ஸ்போஷரை (ஒளியின் அளவை) மாறாதபடி பூட்ட வேண்டும். மறுபடியும் முன்னோட்டம் எடுத்து, ஃபிலிம் பேஸ், அதாவது வெற்று ஃபிலிமின் நிறத்தைப் பூட்ட வேண்டும். அதன் பிறகு அந்தச் சுருளின் எல்லாப் படங்களையும் அதே பூட்டில் எடுக்கலாம். டார்க்டேபிள் என்ற இலவச மென்பொருளில் 2020 முதல் நெகாடாக்டர் என்ற பகுதி இருக்கிறது. அதில் ஃபிலிம் பேஸை ஒரு முறை தொட்டுக் காட்டி, அந்த அமைப்பை நகலெடுத்துச் சுருளின் மற்றப் படங்களுக்கெல்லாம் ஒட்டிவிடலாம். பட்டைகளை உறையிலிருந்து எடுக்கும்போது சுருள்களைக் கலந்துவிடாமல் இருப்பது இதனால் மிக முக்கியம். ஓரத்தில் அச்சாகியிருக்கும் ஃபிலிமின் பெயரையும் எண்களையும் வைத்து, கலைந்துபோன பட்டைகளைக்கூடப் பெரும்பாலும் சுருள் வாரியாகச் சேர்த்துவிடலாம். அந்த வேலைக்கு ஒரு மாலைப் பொழுதை ஒதுக்குவது வீண் போகாது.

பூட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தாலி கட்டும் படமே சாட்சி. என் அத்தையின் கல்யாணத்தில் எடுத்தது. படம் முழுக்கக் கழுத்தும் கைகளும் அரக்குப் புடவையும். அதில் வெள்ளை என்று எதுவும் இல்லை. மிக வெளிச்சமான பொருள் மஞ்சள் தோய்த்த கயிறுதான். தானியங்கிச் சரிபார்ப்பு, ஒவ்வொரு நிறத்தின் உச்சத்தையும் தனித்தனியே இழுத்து மேலே ஏற்றுகிறது. படத்தின் உச்ச வெளிச்சம் வெள்ளையாகவே இருக்கும் என்பது அதன் கணிப்பு. மஞ்சளில் குறைவாக இருக்கும் நீலத்தை அது வலிந்து ஏற்றிவிட, மஞ்சள் கயிறு வெளுத்த நூலாகிவிட்டது. நீலம் ஏறியதில் புடவையும் மாறியது. அத்தை திரையைப் பார்த்துவிட்டு, “இது என் கூறைப்புடவையே இல்லையே. ராணி கலரில் நான் எப்போது புடவை எடுத்தேன்?” என்று கேட்டார். அதே நெகட்டிவை, அதே சுருளின் வெற்றுப் பகுதியில் அளந்த பூட்டோடு மறுபடி எடுத்தபோது கயிறு மஞ்சளாகவும் புடவை அரக்காகவும் வந்தன. வேறு எந்தத் திருத்தமும் தேவைப்படவில்லை.

அடுத்தது, நெகட்டிவைப் பாசிட்டிவாகத் திருப்பும் விதம். படத்தொகுப்பு மென்பொருள்களில் உள்ள இன்வெர்ட் கட்டளை, ஒவ்வொரு புள்ளியின் வெளிச்சத்தையும் குறிக்கும் 0 முதல் 255 வரையான எண்ணை 255இலிருந்து கழிக்கிறது. ஃபிலிமோ கழித்தல் கணக்கில் இயங்குவதில்லை. அதன் அடர்த்தி, விழுந்த ஒளியின் மடக்கைக்கு ஏற்ப ஏறுகிறது. எனவே வெற்று ஃபிலிம் விடும் ஒளியை, அந்தப் புள்ளி விடும் ஒளியால் வகுப்பதே சரியான வழி. அதையும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனியே செய்ய வேண்டும். வெறுமனே கழித்தால் நிழல் பகுதி ஒரு நிறத்திலும் வெளிச்சப் பகுதி வேறொரு நிறத்திலும் சாயும். அதன் பிறகு எந்த ஸ்லைடரை நகர்த்தினாலும் ஒன்று சரியாகும்போது மற்றது கெடும். நெகாடாக்டர், நெகட்டிவ் லேப் ப்ரோ போன்றவை நெகட்டிவுக்கென்றே எழுதப்பட்டவை. அவற்றையோ அவற்றைப் போன்ற ஒன்றையோ பயன்படுத்துவதே நல்லது.

சரியாகத் திருப்பிய படம் முதல் பார்வையில் உயிரற்று, சாம்பல் பூத்துத் தெரியும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். கலர் நெகட்டிவின் கான்ட்ராஸ்ட் (வெளிச்சத்துக்கும் இருளுக்கும் உள்ள வேறுபாடு) வேண்டுமென்றே குறைவாக, ஏறத்தாழ 0.6 என்ற அளவில் வைக்கப்பட்டிருக்கிறது. வெயிலையும் நிழலையும் ஒரே படத்தில் அடக்கிக்கொள்ளும் வல்லமை அதிலிருந்துதான் வருகிறது. பிறகு பிரிண்ட் பேப்பர் அந்தக் கான்ட்ராஸ்டைக் கூட்டிவிடும். நாம் பேப்பரைப் பயன்படுத்தாததால் அதன் வேலையை, மென்பொருளில் உள்ள கர்வ்ஸ் என்ற வளைகோட்டுக் கருவி கொண்டு நாமே செய்ய வேண்டும். ஸ்கேன் செய்யும்போதே கான்ட்ராஸ்டைக் கூட்டிவிட்டால், வேட்டியின் மடிப்புகளும் மல்லிகைப் பூவின் இதழ்களும் வெறும் வெள்ளைத் திட்டுகளாகிவிடும். அவற்றைத் திரும்பக் கொண்டுவர முடியாது. 16 பிட் டிஃப் கோப்பாகச் சேமிப்பதன் பயனும் இங்கேதான் தெரியும். நிறப் படிகள் குறைந்த 8 பிட்டில் இவ்வளவு இழுத்தால் வானம் படிப்படியாகப் பட்டை பட்டையாகிவிடும்.

பிளாட்பெட் வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு சொல். பெட்டியின் மேல் 6400 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளிகள்) என்று போட்டிருந்தாலும், வீட்டு உபயோக பிளாட்பெட்கள் உண்மையில் பிரித்துக் காட்டும் நுணுக்கம் அதில் பாதியைக்கூட எட்டாது. நான் 2400 டிபிஐயில் எடுத்தேன். 35 மி.மீ. ஃபிலிமின் ஒரு படம் 36க்கு 24 மி.மீ. என்பதால், ஏறத்தாழ 3400க்கு 2270 புள்ளிகள் கிடைக்கும். 12க்கு 8 அங்குலப் பிரிண்டுக்கு அது தாராளம். ஃபிலிம் வளைந்திருந்தால் எவ்வளவு டிபிஐ வைத்தும் பயனில்லை. பட்டைகளை உறையோடு கனமான புத்தகங்களுக்கு அடியில் சில நாட்கள் வைத்துத் தட்டையாக்கிக்கொள்ள வேண்டும். பளபளப்பான பக்கம் கண்ணாடியைத் தொட்டால் எண்ணெய் படிந்த நீரில் தெரிகிற மாதிரி வண்ண வளையங்கள் வரும். ஃபிலிம் கண்ணாடியிலிருந்து சற்று உயர்ந்து நிற்பது அதனால் முக்கியம்.

தூசியை அகச்சிவப்பு ஒளியால் கண்டுபிடித்து நீக்கும் வசதி சில ஸ்கேனர்களில் இருக்கிறது. கலர்ச் சாயங்கள் அகச்சிவப்பைத் தடுப்பதில்லை, தூசி தடுக்கும் என்பது அதன் அடிப்படை. கலர் நெகட்டிவுக்கு அருமையாக வேலை செய்யும். ஆனால் வழக்கமான கறுப்பு வெள்ளை ஃபிலிமில் படம் வெள்ளியால் ஆனது. வெள்ளியும் அகச்சிவப்பைத் தடுக்கும். ஊட்டி இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸின் ‘இந்து’ கறுப்பு வெள்ளை ஃபிலிம் எந்த வீட்டு உறையிலாவது கலந்து கிடந்தால், அதை ஸ்கேன் செய்யும்போது இந்த வசதியை அணைத்துவிட வேண்டும். அணைக்காவிட்டால் படத்தையே தூசி என்று எண்ணி அழிக்கப் பார்க்கும். மற்றபடி, ஸ்கேன் செய்யும் அறையில் மின்விசிறியை நிறுத்தி, தரையை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, ரப்பர் பல்பால் ஊதினாலே பாதித் தூசி போய்விடும்.

கேமராவுக்கு மாறியதற்குக் காரணம் நீல நிறம். ஆரஞ்சுத் திரை நீல ஒளியைத்தான் மிக அதிகமாகத் தடுக்கிறது. ஸ்கேன் கருவிக்கு நீலம் மெலிந்து வந்து சேர, வானம், வேட்டி போன்ற வெளிச்சமான பகுதிகளில் பொறிப்பொறியாக இரைச்சல் தெரியும். நெகட்டிவில் அந்தப் பகுதிகளே மிக அடர்த்தியானவை. கேமராவில் ரா கோப்பாக (கேமரா பதிந்ததை மாற்றாமல் சேமிப்பது) எடுக்கும்போது, வெற்று ஃபிலிம் எந்த நிறத்திலும் உச்சத்தைத் தாண்டாத எல்லை வரை எக்ஸ்போஷரைக் கூட்டிக்கொள்ளலாம். முதலில் எல்லை தொடுவது சிவப்பு. வெளிச்ச அளவுகளைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தில் அதைத்தான் கவனிக்க வேண்டும். அந்த எக்ஸ்போஷரைக் கைமுறையில் வைத்துச் சுருள் முழுவதற்கும் மாற்றாமல் எடுக்க வேண்டும்.

கேமராவை ஒரு ஸ்டாண்டில் கீழ் நோக்கி மாட்டி, எஃப் 8, ஐஎஸ்ஓ 100, சில நொடி டைமர் என்று வைத்தால் போதும். ஃபிலிம் வைக்கும் இடத்தில் ஒரு சிறு கண்ணாடியை வைத்து, லென்ஸின் பிம்பம் நடுவில் விழும்வரை கேமராவைச் சரிசெய்தால் நான்கு மூலைகளும் ஒரே கூர்மையில் வரும். மங்கலான பக்கம் லென்ஸைப் பார்க்க வேண்டும். இடவலம் மாறி வரும் படத்தைப் பிறகு திருப்பிக்கொள்ளலாம். அறை விளக்கை அணைத்து, படத்தைச் சுற்றியுள்ள ஒளியையும் ஓரத் துளைகளையும் கறுப்பு அட்டையால் மறைக்க வேண்டும். கசியும் ஒளி லென்ஸில் பட்டால் நிழல்கள் வெளிறி, நிறம் முழுதும் நீர்த்துவிடும். ஒளிக்குச் சிஆர்ஐ (நிறங்களை உள்ளபடி காட்டும் திறனின் அளவு) 95க்கு மேல் உள்ள எல்இடி பேனல் வாங்குவதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. மொபைல் திரையையே விளக்காக வைத்து எடுப்பவர்கள், ஃபிலிமைத் திரைமேல் நேரடியாக வைக்காமல், நடுவில் பால் வெள்ளை அக்ரிலிக் தகடு வைத்துச் சில சென்டிமீட்டர் உயர்த்தினால் திரையின் புள்ளிகள் தெரியாது.

இத்தனைக்கும் பிறகு, நிறம் சரியா என்று எதை வைத்துச் சொல்வது? ஆல்பத்துப் பிரிண்டை நம்ப முடியாது. அது பழுத்துவிட்டது, அன்றைக்கு லேபில் இருந்தவரின் ரசனையும் அதில் இருக்கிறது. எங்கள் படங்களில் எனக்குக் கைகொடுத்தது திருநீறு. தாத்தாவின் நெற்றியில் மூன்று கோடுகளாகப் பூசியிருக்கும் திருநீறு, நிறம் சாயாத ஒரு வெளிர் சாம்பல். ஃப்ளாஷ் நேராக அடித்து வெளுக்காத ஒரு படத்தைத் தேர்ந்து, மென்பொருளின் வெள்ளைச் சமநிலைக் குழாயை (நிறம் சாயாத இடம் எது என்று தொட்டுக் காட்டும் கருவி) அந்தக் கோட்டில் வைத்தால் முகம் சட்டென்று தெளியும். பாட்டியின் நரையும் நல்ல அளவுகோல். வேட்டி அவ்வளவு நம்பகமில்லை. நீலம் போட்டு வெளுத்த வேட்டி படத்திலும் நீலமாகவே விழும், அது தவறும் இல்லை. எவர்சில்வர்ப் பாத்திரத்தை அறவே நம்பக் கூடாது. எதிரில் நிற்கும் புடவையின் நிறத்தைத்தான் அது காட்டும்.

பீரோவில் புடவை இன்னும் இருந்தால் ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பதைவிடச் சிறந்த சோதனை இல்லை. அத்தையின் கூறைப்புடவையை அப்படித்தான் ஒப்பிட்டேன். மயில்கழுத்து நிறப் பட்டுக்கு மட்டும் இது பொருந்தாது. ஊடும் பாவும் வெவ்வேறு நிறம் என்பதால், ஃப்ளாஷ் விழும் கோணத்தைப் பொறுத்து ஒரு படத்தில் நீலமாகவும் அடுத்ததில் பச்சையாகவும் வரும். இரண்டையும் ஒன்றாக்கப் போராடக் கூடாது.

முகங்களுக்கு நான் எண்களையும் பார்க்கிறேன். கன்னத்தில், ஃப்ளாஷ் மினுக்கம் இல்லாத இடத்தில், சிவப்பு கூடுதலாகவும் பச்சை அடுத்ததாகவும் நீலம் கடைசியாகவும் இருக்க வேண்டும். எங்கள் வீட்டு மாநிற முகங்களில் 150, 110, 85 என்ற வாக்கில் வந்தால் இயல்பாகத் தெரிகிறது. பச்சையும் நீலமும் நெருங்கினால் முகம் ரோஜாவாகிறது. பச்சை சிவப்பை நெருங்கினால் காமாலை தட்டுகிறது. வெளிச்சத்தைக் கூட்டி முகங்களை வெளுப்பாக்கிக் காட்டும் பழக்கம் அந்நாளைய பிரிண்டுகளில் இருந்தது, இன்றைய மென்பொருள்களிலும் இருக்கிறது. கறுத்தவர்கள் கறுப்பாகவும் மாநிறத்தார் மாநிறமாகவும் இருக்கும் படமே எனக்கு வேண்டும். நெகட்டிவில் அவர்கள் அப்படித்தான் இருக்கிறார்கள்.

சில படங்களை முழுதாகச் சரிசெய்ய முடியாது. பகல் ஒளிக்கான ஃபிலிமில், வீடியோக்காரரின் ஹாலஜன் விளக்கு ஒரு கன்னத்தில் செம்மஞ்சளாக அடிக்கும், ஸ்டூடியோக்காரரின் ஃப்ளாஷ் மறு கன்னத்தில் வெள்ளையாக அடிக்கும், பின்னால் டியூப்லைட் சுவரைப் பச்சையாக்கியிருக்கும். மூன்று ஒளிக்கும் ஒரே சமநிலை கிடையாது. ஃப்ளாஷ் பட்ட பக்கத்துக்குச் சரிசெய்து, சுவரின் பச்சையை மட்டும் அந்தப் பகுதியில் சற்றுக் குறைத்து, மிச்சத்தை அப்படியே விட்டுவிடுகிறேன். ஒளி குறைந்து எடுத்த மெலிந்த நெகட்டிவ்களில் நிழல்கள் கலங்கி, நீலமோ பச்சையோ தட்டும். அங்கே நிழலின் நிறச்செறிவைக் குறைத்துக் கறுப்பை இறுக்குவதைத் தவிர வேறு வழியில்லை. இல்லாத விவரத்தை எந்த ஸ்லைடரும் தராது.

திருத்தும் திரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரவில் கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று மொபைலிலும் கணினியிலும் நீலத்தைக் குறைக்கும் வசதி தானாகவே இயங்கிவிடுகிறது. அதை அணைக்காமல் திருத்திய படங்கள் காலையில் நீலம் பூத்துத் தெரியும். திரையை அளவீட்டுக் கருவி கொண்டு சரிசெய்வது நல்லது. அது இல்லாவிட்டால், பகலில், ஜன்னலின் நேர் வெளிச்சம் திரையில் படாத இடத்தில் உட்கார்ந்து திருத்தினாலே பெரிய வேறுபாடு தெரியும்.

எல்லாவற்றையும் எடுத்து முடித்த பிறகு இரண்டு கோப்புகளை வைத்துக்கொள்கிறேன். திருத்தாத ஸ்கேன் அல்லது ரா ஒன்று, திருத்தி, எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான நிற அமைப்பில் சேமித்து உறவினர்களுக்கு அனுப்பும் ஜேபெக் ஒன்று. திருத்தாததில் சுருளின் எண்ணும் ஃபிலிமின் பெயரும் கோப்பின் பெயரிலேயே இருக்கும். வெற்று ஃபிலிமை எடுத்த ஸ்கேனும் அதே கோப்புறையில் முதலாவதாக இருக்கும். நாளைக்கு இதைவிட நல்ல மென்பொருள் வந்தால் நெகட்டிவைத் தொடாமலே மறுபடி தொடங்கலாம்.

எந்தச் சுருளை முதலில் எடுப்பது என்று கேட்பவர்களுக்கு: பூஞ்சை பிடித்ததை. நம் ஊர் ஈரப்பதத்தில் பூஞ்சை ஃபிலிமின் ஜெலட்டினையே தின்று வளரும். சிலந்தி இழை போலக் கிளை கிளையாகத் தெரிவது அதுதான். அகச்சிவப்பு வசதி அதை முழுதாக நீக்காது. தண்ணீரால் கழுவவே கூடாது, பூஞ்சை தொட்ட ஜெலட்டின் நீரில் கரைந்து படமும் சேர்ந்து போய்விடும். 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலை மெல்லிய பஞ்சில் தொட்டு, அழுத்தாமல் ஒரே திசையில் துடைக்கலாம். அதையும் முதலில் வேண்டாத ஒரு படத்தின் மேல் சோதித்த பிறகே செய்ய வேண்டும். பிளாஸ்டிக் உறையோடு ஒட்டிக்கொண்ட பட்டையை இழுத்துப் பிரிக்க வேண்டாம். உறையோடு ஸ்கேன் செய்துவிட்டுப் பிறகு யோசிக்கலாம். எடுத்து முடித்தவற்றைப் பரணில் போடாமல், பாலிபுரோப்பிலீன் உறைகளுக்கு மாற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு இறுக மூடும் டப்பாவில், வீட்டிலேயே குளிர்ச்சியான அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்திருக்கிறேன். நிறம் மாறும் சிலிக்கா ஜெல் கிடைத்தால் அதையே வாங்குங்கள். ஈரம் ஏறியது கண்ணுக்குத் தெரியும், வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்து மறுபடி பயன்படுத்தலாம். அந்த வாணலியைச் சமையலுக்குத் திரும்ப எடுக்காதீர்கள்.